சிவராத்திரி முடிந்து மறுபடி ஓட ஆரம்பித்தேன், மனசு லேசாகிவிட்டது. இது ஓட்டத்தின் வேலையா, பருவத்தின் வேலையா?

ஜெராக்ஸ்_கடை (கிருஷ்ணகிரி):

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை டியூப்லைட்டுக்குக் கீழேதான் பிழைப்பு. இரண்டு வருடமாகக் காலையில் ஓடுகிறேன், பெரிய ஓட்டமெல்லாம் கிடையாது, கே.ஆர்.பி. அணைப் பக்கம் கால்வாய்க் கரையில் நாலைந்து கிலோமீட்டர். போன கார்த்திகை மழையில் விட்டது. அப்புறம் மார்கழி இருட்டு, பனிமூட்டம், நாய் என்று ஒவ்வொரு சாக்காக அடுக்கி, தை மாசம் முழுக்கப் போர்வைக்குள்ளேயே போய்விட்டது.

அந்த இரண்டரை மாதம் நான் நானாக இல்லை. பெரிய சோகம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் எதிலும் பிடிப்பு இல்லை. ஒருவர் ஆதார் அட்டையை முன்பக்கம் மட்டும் எடுக்கச் சொல்லி, எடுத்த பிறகு பின்பக்கமும் வேண்டும் என்றார், அதற்குப் போய் அவரிடம் கத்திவிட்டேன். பாவம், வயதானவர். இன்னும் உறுத்துகிறது.

சிவராத்திரிக்குக் கண் விழித்துவிட்டு விடியற்காலையில் வீட்டுக்கு வந்தேன். படுத்தால் கடை திறக்க முடியாது என்று ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு கால்வாய்க்குப் போய்விட்டேன். இரண்டு கிலோமீட்டரில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன், அது வேறு கதை. ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன், தோப்பு முழுக்க மாம்பூ, கரையோரப் புங்க மரமெல்லாம் பளபளவென்று தளிர் விட்டிருக்கிறது, வெயில் முதுகில் படும்போது இதமாக இருக்கிறது. ‘சிவராத்திரியோட குளிரு சிவசிவான்னு போயிடும்’ என்று எங்கள் பாட்டி தெலுங்கில் சொல்லும். அப்படியே போய்விட்டது. இப்போது மூன்று வாரமாகப் போகிறேன், ஐந்து கிலோமீட்டர் திரும்ப வந்துவிட்டது, கடையில் பாட்டு முணுமுணுக்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்கிறார்.

கேள்வி இதுதான். மச்சான் சொல்கிறான், ‘ஓடினதால ஒண்ணுமில்ல மாமா, பனி போனா எல்லாருக்கும்தான் சுறுசுறுப்பு வரும்’ என்று. வீட்டுக்காரம்மா, ஓட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், வீட்டில் நிம்மதியாக இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி? பருவம்தான் காரணம் என்றால் சித்திரை வெயிலில் மறுபடி பழையபடி ஆகிவிடுவேனா? அடுத்த மார்கழிக்கு என்ன செய்வது?

பழைய_பிடி_வாத்தியார் (இலக்கியம்பட்டி, தர்மபுரி):

தம்பி, மச்சானும் சரி, வீட்டுக்காரம்மாவும் சரி, ஆனால் இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் காலையில் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தியவன் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். நம் ஊரில் வருடத்திலேயே மிகத் தாமதமாகச் சூரியன் எழுவது மார்கழியில் இல்லை, தையில். டிசம்பர் 21 அல்லது 22 பகல் குறைந்த நாள், சரி. ஆனால் தாமதமான விடியல் ஜனவரி மூன்றாவது நான்காவது வாரத்தில் வருகிறது. 6.45க்கு ஓரிரு நிமிஷம் முன்னே பின்னே. பூமி சுற்றும் பாதையும் அதன் சாய்வும் சேர்ந்து, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தையே நவம்பரிலிருந்து பிப்ரவரி பாதி வரை நாளுக்கு நாள் பின்னால் தள்ளுகிறது. நமக்கு குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் இந்தத் தள்ளல் நன்றாகத் தெரியும்.

பொங்கல் முடிந்துவிட்டது, இனிமேல் விடிந்துவிடும் என்று நினைத்து எழுந்தால் இன்னும் கும்மிருட்டு. அங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் மட்டும் இல்லை. மாசி பாதியில் விடியல் முன்னே நகர்வது கண்ணுக்குத் தெரியும், மார்ச் கடைசியில் 6.15 ஆகிவிடும், சித்திரை நடுவில் ஆறுக்கு முன்பே. எழுகிற நேரத்தை நீங்கள் மாற்றவே வேண்டாம், வெளிச்சம் தானாக உங்களிடம் வருகிறது.

ஓட்டமா பருவமா என்று தெரிய வேண்டுமானால் வாதம் எதற்கு, செய்து பாருங்கள். நாலு நாள் அதே நேரம், அதே கரை, ஓடாமல் மெதுவாக நடங்கள். அடுத்த நாலு நாள் ஓடுங்கள். ராத்திரி படுக்கும்முன் நோட்டில் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண் எழுதுங்கள். மச்சானுக்கு அந்த நோட்டைக் காட்டுங்கள்.

மாத்திரைப்பெட்டி (தர்மபுரி):

வாத்தியார் சொன்ன சோதனை நல்ல யோசனை. நான் மருந்துக் கடையில் இருக்கிறேன், டாக்டர் இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.

ஓடினால் எண்டார்பின் சுரந்து மகிழ்ச்சி வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிக் கதை. ரத்தத்தில் ஓடும் எண்டார்பின் அவ்வளவு சுலபமாக மூளைக்குள் நுழையாது. 2008இல் ஜெர்மனியில், இரண்டு மணி நேரம் ஓடிய வீரர்களின் மூளையை ஸ்கேன் செய்து மூளைக்குள்ளேயே அந்த வகைச் சுரப்பு நடக்கிறது என்று காட்டினார்கள், அதனால் முழுப் பொய்யும் இல்லை. ஆனால் 2015இல், அதுவும் ஜெர்மனியில்தான், எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். எண்டார்பின் வழியை மருந்தால் அடைத்தபோதும் ஓடிய எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. வேறொரு வழியை, கஞ்சா வேலை செய்கிற அதே வழியை அடைத்தபோது அந்த நிம்மதி காணாமல் போனது. நம் உடம்பே தயாரிக்கிற பொருள் ஒன்று அந்த வழியில் போகிறது, 1992இல் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. நம்ம ‘ஆனந்தம்’தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்து வைத்தார்கள். மச்சானிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

அப்புறம் வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கிற அலகு லக்ஸ். கடையில் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெளியே மேகமூட்டமான காலையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும், நல்ல வெயிலில் லட்சத்தைத் தொடும். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்வதால் தெரிவதில்லை, ஆனால் தூக்கத்தையும் விழிப்பையும் முடுக்கிவிடுகிற மூளையின் கடிகாரம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. காலை வெளிச்சம் பட்டால் இரவு நேரத்தோடு தூக்கம் வரும். மூன்று வாரமாக நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘காலை வெயிலில் ஓடுகிறேன், வைட்டமின் டி வந்துவிடும்’ என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். ஏழு மணி வெயில் சாய்வாக வருவதால் அதற்குத் தேவையான கதிர் மிகக் குறைவு. மனசுக்கும் தூக்கத்துக்கும் நல்லது, அதோடு சரி.

கடைசியாக ஒன்று. இந்த மாதிரிச் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழ்வதே வீண் என்று தோன்றினால், ஷூவை மாட்டிக்கொண்டு சரிசெய்யப் பார்க்காதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உங்களுக்கு அப்படி இல்லை என்று நினைக்கிறேன், படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

சந்தூர்_தோப்பு (போச்சம்பள்ளி பக்கம்):

மாம்பூவைப் பார்த்தேன் என்று எழுதினீர்களே, அந்தப் பூவுக்குச் சொந்தக்காரர்கள் சார்பாக நாலு வார்த்தை.

உங்களுக்கு மனசு லேசாகிற அந்த மாசி வெயில் எங்களுக்கும் உயிர். பூ வருவதற்கு இரவுக் குளிர் வேண்டும், ஆனால் வந்த பிறகு பனிமூட்டம் நின்றால் போச்சு. மூட்டம் போட்ட வாரத்தில் சாம்பல் நோய் வரும், தத்துப்பூச்சி வரும், பூ கருகிக் கொட்டும். தை முழுக்க நாங்கள் காலையில் எழுந்ததும் வானத்தைத்தான் பார்ப்போம். நீங்கள் போர்வைக்குள் இருந்தீர்கள், நாங்கள் வெளியே நின்று புலம்பிக்கொண்டு இருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சொன்னதுபோல மாசியிலும் சில நாள் அடிக்கும், ஆனால் எட்டு மணிக்குள் கலைந்துவிடும். அது கலைகிற நேரத்தில் தோப்புக்குள் நிற்க வேண்டும், தேனீ இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓடத் தேவையில்லை எனக்கு.

சரி, சொல்ல வந்தது வேறு. பூ சமயத்தில் தோப்பில் மருந்து அடிப்போம், காற்று இல்லாத விடிகாலையில்தான் அடிப்போம், அதாவது நீங்கள் ஓடுகிற அதே நேரம். பவர் ஸ்பிரேயர் சத்தம் கேட்டாலோ, இலையில் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ அந்தப் பக்கம் போகாதீர்கள். மூச்சு வாங்க ஓடும்போது சாதாரணமாக இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுப்பீர்கள். போன வருடம் ஒரு பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேராகப் புகைக்குள்ளேயே ஓடி வந்தான், நான் கத்தியது அவனுக்குக் கேட்கவே இல்லை. இரண்டு நாள் தலைவலி, வாந்தி.

400மீட்டர் (தர்மபுரி):

எல்லா அண்ணன்களும் மனசு, பருவம், வெளிச்சம் என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் மனசு இரண்டாவதுதான்.

நான் காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறேன். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் முடிக்க வேண்டும், ஆண்களுக்கு 1500 மீட்டர் ஏழு நிமிஷம். கூடப் படிக்கிற பையன்கள் மார்கழியில் ஐந்து மணிக்கே ரோட்டில் ஓடுவார்கள். எங்களை வீட்டில் விடிந்த பிறகுதான் வெளியே விடுவார்கள், வீட்டைக் குறை சொல்லவும் முடியாது, இருட்டில் பைக்கில் பின்னாலேயே வந்தவனை நானே பார்த்திருக்கிறேன். ஏழேகாலுக்கு வீட்டுத் தண்ணீர் வேலை, எட்டுக்குக் கோச்சிங் பஸ். தையில் விடிந்து வெளிச்சம் வருவதற்கும் ஏழேகாலுக்கும் நடுவில் எனக்கு அரை மணி நேரம் கிடைக்காது. இப்போது கிடைக்கிறது. பங்குனியில் ஐம்பது நிமிஷம் ஆகிவிடும்.

அதனால் மாசி பிறந்தால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அது மாம்பூவால் இல்லை, ரோடு எனக்கும் சொந்தமாகிற மாதம் என்பதால். இந்த வருடம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்துகொண்டோம். மைதானத்தில் மொத்தமாக ஓடுகிறோம், அதனால் வீட்டிலும் பயப்படுவதில்லை. அடுத்த மார்கழிக்கு என்ன செய்வது என்று கேட்டீர்களே அண்ணா, தனியாக ஓடாதீர்கள், இது ஆண்களுக்கும் பொருந்தும். காத்துக்கொண்டு நிற்கிற ஆள் ஒருத்தர் இருந்தால் போர்வையை உதறிவிட்டு வருவீர்கள்.

(நாய் விஷயம் யாருமே சொல்லவில்லை. துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, முகத்தைக் காட்டி, மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி அன்றைக்கே ஊசி.)

ஸ்கார்பரோ_தர்மபுரியான் (டொரண்டோ):

உங்கள் ‘குளிர்’ கதையெல்லாம் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். சொந்த ஊர் பென்னாகரம், இங்கே வந்து ஒன்பது வருடம்.

இங்கே டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இல்லை, வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. முதல் இரண்டு வருடம் எனக்கு என்ன ஆகிறது என்றே தெரியவில்லை, சனிக்கிழமை மதியம் வரை படுக்கையில் கிடப்பேன், ஊருக்கு போன் செய்தால் அழுகை வரும். டாக்டர்தான் சொன்னார், இது குளிர்காலத்தோடு வருகிற மனச்சோர்வு, 1984இல் அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் குழு இதற்குப் பெயர் வைத்து எழுதியது, நிறைய பேருக்கு இருக்கிறது என்று. காலையில் அரை மணி நேரம் பத்தாயிரம் லக்ஸ் விளக்குக்கு முன்னால் உட்காரச் சொன்னார். எங்கள் ஊரில் வாசல் திண்ணையில் சும்மா உட்கார்ந்தால் கிடைக்கிற வெளிச்சத்துக்கு இங்கே காசு கொடுத்து விளக்கு வாங்கினேன்.

ஓட்டம் பிறகுதான் வந்தது. ஜனவரியில் ரோட்டோடு ஒட்டி, கண்ணுக்கே தெரியாத ஐஸ் இருக்கும், ஒருமுறை விழுந்து மணிக்கட்டு பிசகியது, அதிலிருந்து ஷூவுக்கு மேல் ஆணி வைத்த ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறேன். மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அடுத்த நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் ஏழு மணிக்கும் வெளிச்சம்! ஒரே நாளில்! ஏரிக்கரைப் பாதையில் ஊரே ஓடிக்கொண்டிருக்கும். பாதி உருகிய பனி, அதற்குக் கீழே மண் வாசனை, கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிற அந்த முதல் நாள் இருக்கிறதே... அதை மட்டும் ஊரிலிருந்து யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. இப்போது ஜெராக்ஸ் கடை அண்ணன் எழுதியதைப் படித்ததும் இவருக்குப் புரியும் என்று தோன்றியது, அளவு வேறு, விஷயம் ஒன்றுதான்.

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்ன விடியல் கணக்கை இங்கே சரிபார்த்தேன். இங்கே மிகத் தாமதமான விடியல் ஜனவரி முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. நம் ஊர் இந்த ஒரு விஷயத்தில் எங்களைவிட மோசம்!

சானமாவு_பக்கம் (ஓசூர்):

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நாய்தான் பிரச்சினையா, கொடுத்து வைத்தவர்கள். எங்கள் பக்கம் ராகி அறுப்புச் சமயத்தில் யானை. கர்நாடகா பக்கமிருந்து கூட்டமாக வந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று மாதக்கணக்கில் சுற்றும், விடியற்காலையில்தான் வயலிலிருந்து காட்டுக்குத் திரும்பும். பனிமூட்டத்தில் பத்தடிக்கு முன்னால் நின்றாலும் தெரியாது. அவை திரும்பிப் போய்விட்டன என்று வனத்துறை சொல்லும்வரை நான் மொட்டை மாடியில்தான் ஓடுகிறேன், சுற்றிச் சுற்றி, செக்கு மாடு மாதிரி. எனக்கு வசந்தம் என்றால் யானை போனது என்று அர்த்தம்.

ஜெராக்ஸ்_கடை:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், நோட்டோடு.

நடந்த நாலு நாள்: 6, 7, 7, 6. ஓடிய நாலு நாள்: 7, 8, 5, 8. அந்த 5 வந்த நாள் மெஷின் ரிப்பேர், மெக்கானிக் வரவில்லை, அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை, ஆனால் எழுதியதை அடிக்கவில்லை. தையில் இருந்திருந்தால் எல்லா நாளும் 3தான் போட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. ஆக வெளியே போனதிலேயே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது, ஓட்டம் அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றுகிறது. மச்சான் நோட்டைப் பார்த்துவிட்டு ‘நாலு நாள்ல என்ன தெரியும் மாமா’ என்றான். அவனும் நடக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், பார்க்கலாம்.

மாத்திரைப்பெட்டி நண்பர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டது சரியான இடத்தில் குத்தியது. தையில் இரவு ஒரு மணி வரை செல்போன், இப்போது பத்தரைக்குக் கண் சொருகுகிறது. அதை நான் கவனிக்கவே இல்லை.

தங்கை 400மீட்டர் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். பெரிய மகள் பத்தாவது படிக்கிறாள், ‘அப்போ நானும் வரலாமா’ என்றாள். அவள் வருகிறாள் என்பதால் கால்வாய்க் கரையை விட்டு அவதானப்பட்டி ஏரிப் பக்கம் மாற்றியிருக்கிறோம், ஆள் நடமாட்டம் அதிகம்.

சித்திரை வெயிலுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே?

பழைய_பிடி_வாத்தியார்:

மறந்துவிட்டேன். பங்குனிக் கடைசியில் நேரத்தை ஐந்தே முக்காலுக்கு மாற்றுங்கள், அப்போது வெளிச்சம் இருக்கும். ஏழு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். உடம்பு சூட்டுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும், அதுவரை தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைப் பார்க்காதீர்கள். வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், இல்லையென்றால் வெங்காயம் கடித்துக்கொண்டு ராகிக் கூழ். தலை சுற்றினாலோ, வியர்வை நின்றாலோ உடனே நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி ஆளைக் கூப்பிடுங்கள், சமாளித்துவிடலாம் என்று ஓடாதீர்கள். மகளுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள், பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸில் ஓடவிடாதீர்கள்.

சந்தூர்_தோப்பு:

ஏரிப் பக்கம் போனாலும் ஒருநாள் இந்தப் பக்கம் வாருங்கள், மருந்து அடித்து முடித்துவிட்டோம். பிஞ்சு பிடித்துவிட்டது, மிளகு அளவு.